துண்டு துண்டாகப் போன மல்லிக்காடு

ஜெயஷீலா நாள் முழுக்கப் படங்களைச் சின்னதாக்கிக்கொண்டிருப்பாள். கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், விஜயராஜ் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையில் அதுதான் அவளுக்கு வேலை. பரீட்சை எழுதப் போகிறவர்களின் முகத்தை ஐம்பது கேபிக்குள் அடக்குவாள். கையெழுத்தை இருபதுக்குள் அடக்குவாள். கல்யாணப் படங்களை, வெளியூர்ச் சொந்தங்களின் போனில் சட்டென்று திறக்கும்படி இளைக்க வைப்பாள்.

பட்டனை அழுத்தியதும் படம் ஒருமுறை மங்கிப் பிறகு தெளியும். அந்த ஒரு நொடி அவளுக்குப் பிடிக்கும். கழிந்துபோன புள்ளிகள் எல்லாம் எங்கே போகின்றன என்று யோசிப்பாள். ஜன்னல் வழியாக வாடைக்காற்றில் ஏறி, தண்டவாளத்தைத் தாண்டி, கரிசல் மண்ணில் தூசியாக இறங்கும் என்று தோன்றும். அவள் பிறந்த குளத்தூர்ப் பக்கம் உப்பளங்கள் உண்டு. வெயில் ஏற ஏறத் தண்ணீர் போய்விடும், உப்பு நிற்கும். எது போகலாம், எது நிற்க வேண்டும் என்பதுதான் அங்கேயும் கேள்வி.

"ஏ ஜெயஷீலா, எந்த ஊருல இருக்க?" என்று அண்ணாச்சி மேசையைத் தட்டுவார்.

"இங்கனதான் அண்ணாச்சி."

"ஆளு இங்கன இருக்கு. அது எனக்கும் தெரியுது."

தை மாதத்து மதியம் ஒன்றில் சுதாராணி படியேறி வந்தாள். புதூர்ப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. வெயில் பட்டால் படம் வெளுத்துவிடும் என்பது போலப் போனை முந்தானையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

"யக்கா, இந்தப் படம் எங்க வீட்டுக்காரருக்குப் போவ மாட்டேங்கு. அங்கன சுத்திக்கிட்டே கிடக்காம். மங்கலா என்னமோ தெரியுதுங்காவ. சின்னதாக்கித் தாங்க."

அவள் கணவன் காளிராஜ் கடல் தாண்டி, பாலைவனத்தில் குழாய் பதிக்கும் கம்பெனியின் முகாமில் இருந்தான். அங்கே சிக்னல் நூல் மாதிரி. குரல் பதிவு போகும், சின்னப் படம் போகும், வேறெதுவும் போகாது. அவன் கிளம்பியபோது மகள் கிருஷ்ணப்ரியா குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தாள். கரிசல் ஊர்களில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். அவர்கள் காடு மழையில்லாமல் வெடித்துக் கிடந்ததால்தான் அவன் கிளம்பினான். இந்த வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றவில்லை.

"இன்னும் ரெண்டு வருசம் இருக்கியானு கம்பெனியில கேக்காகளாம். இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்லணும். காஞ்ச காட்டுக்கு வந்து நான் என்ன செய்யன்னு கேக்காவ. மல்லி பூத்துக் கிடக்குன்னா நம்ப மாட்டேங்காவ. அடுத்தவன் காட்டைப் படம் எடுத்து அனுப்புவ நீன்னு நக்கல் வேற."

அதனால் அவள் கண்மாய்க்கரையில் ஏறி நின்று, தங்கள் காடுதான் என்று அவனுக்குத் தெரியும்படி எல்லாம் படத்துக்குள் விழ எடுத்திருந்தாள். ஜெயஷீலா படத்தைத் திரையில் விரித்தாள். கறுப்பு மண்ணின் மேல் வெள்ளைப் புகை படிந்த மாதிரி கொத்தமல்லி பூத்திருந்தது. பஸ் வந்து நிற்கும் பாலம், ஓடை, காற்றாலைக் காத்தாடி, மொட்டைப் பனை எல்லாம் இருந்தன. வரப்பில், ஓர் ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில், சிவப்புக் கவுன் போட்ட பிள்ளை. பார்க்கப் பார்க்கக் காத்தாடி மெல்லச் சுற்றுவது போலிருந்தது.

அவள் படத்தைச் சுருக்கினாள். பனை குச்சியானது. பூவெல்லாம் சாம்பலானது. பிள்ளை ஒரு சிவப்புப் புள்ளியாகி, அந்தப் புள்ளியும் கரைந்தது.

"பிள்ளை எங்க?" என்றாள் சுதாராணி.

"இம்புட்டுத் தூரத்துல எடுத்தா அப்படித்தாம்மா ஆவும். இருங்க, பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்து..."

மவுஸ் பிள்ளையைச் சுற்றிக் கட்டம் போடத் தொடங்கியதுமே சுதாராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்கக்கா! எங்க மாமாவைக் கல்யாணப் போட்டோலேர்ந்து அப்படித்தான் வெட்டி எடுத்தோம், கண்ணீர் அஞ்சலி ஒட்டுறதுக்கு. உசுரோட இருக்கவியள வெட்ட மாட்டோம்."

அண்ணாச்சி சிரிக்க வாயைத் திறந்தார். ஜெயஷீலா சிரிக்கவில்லை. அன்று காலையில்கூட ஒருவரைப் பேரப்பிள்ளைகள் நடுவிலிருந்து வெட்டி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுத்திருந்தாள். வெட்டியதும் அந்த முகத்தில் ஒரு தனிமை வந்துவிடுகிறது. அதை அவளும் கவனித்திருக்கிறாள்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தானே மல்லிக்குள் நடந்துபோவது போலிருந்தது. காலடியில் ஈரமண், மூக்கில் பச்சை வாசம். ஒரே பார்வையில் யார் ஒரு காட்டைப் பார்க்கிறார்கள்? நடக்க நடக்கத்தானே அது வருகிறது.

"உங்க வீட்டுக்காரர் ஊருக்கு வந்தா முதல்ல எதைப் பாப்பாரு?"

"பஸ்ஸ விட்டு இறங்குனதும் பாலம். பொறவு ஓடை. பொறவு..." சுதாராணிக்குப் புரிந்தது. "துண்டு போடப் போறீங்களா?"

"யாரையும் வெளிய எடுக்கல. படம் முழுசும் போகும், துண்டு துண்டா. ஒரு துண்டோட ஓரம் அடுத்த துண்டுலயும் இருக்கும். எங்கயும் அத்துப் போவாது."

"பிள்ளை தனியா நிக்கக் கூடாது."

"ஆட்டுக்குட்டி நிக்கும். வரப்பு நிக்கும். மல்லி நிக்கும்."

சுதாராணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அப்பம் பாலத்துலேருந்து ஆரம்பிங்க."

ஒவ்வொரு துண்டும் சின்னது, ஆனால் தெளிவானது. போனில் ஏற்றி ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். முதல் துண்டு திறந்தது. பாலைவனத்திலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, பாலத்துக்குக் கைப்பிடி கட்டிட்டானுவளா?"

ஓடை போனது.

"இதென்ன, தண்ணியா? வானம்லா தரையில கிடக்கு!"

காத்தாடி போனது. மொட்டைப் பனை போனது.

"இடி விழுந்த பனை. நம்ம காடுதான்."

"பொறவு யாரு காடுன்னு நினைச்சீங்களாம்?" என்று சுதாராணி போனிடம் கேட்டாள், பதிவு செய்யாமலேயே. அண்ணாச்சி கணக்கு வேலையை விட்டுவிட்டு அவர்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

மல்லிப் பூ போனது. அதற்கு வந்த பதிவில் வார்த்தையே இல்லை. எங்கோ ஓர் இயந்திரம் உறுமியது, மணலில் யாரோ நடந்தார்கள், அவ்வளவுதான். மூவரும் அதைக் கடைசி வரை கேட்டார்கள்.

பிள்ளை நின்ற துண்டை அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவில்லை. கீழே விளாத்திகுளம் பஸ் கிளம்பிப் போனது. ஜன்னல் வெளிச்சம் சுவரில் மஞ்சளாக இறங்கியது. ஜெயஷீலாவுக்கு, கவுன் போட்ட பிள்ளை கடலுக்கு மேலே குட்டியோடு நடந்துபோய்க்கொண்டிருப்பது போலிருந்தது. சின்னக் கால். மெதுவாகத்தான் போகும்.

குரல் வந்தது.

"யாரும் பிடிக்காமயா நிக்கா?"

சுதாராணி பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "நிக்கது என்ன, ஓடவே ஆரம்பிச்சுட்டா. கம்பெனிக்கு என்ன சொன்னீங்க?"

"மல்லி எப்பம் பிடுங்குவீய?"

"மாசி கடைசியில. ஆளு கிடைக்க மாட்டேங்கு, இப்பமே சொல்லி வைக்கணும். கூலிக்கு ஆளு கூட்டியார பேச்சித்தாய் அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா, எத்தனை ஆளுன்னு."

இந்த முறை பதில் உடனே வந்தது.

"ஒரு ஆளு குறைச்சுச் சொல்லு."