தங்கராஜ் அண்ணாச்சி போட்ட கையெழுத்து

என்னை நம்பிய ஒருவரை ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட வைத்தேன். இந்தச் சாட்சியை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1978. டெல்லி மோதி பாகில் அரசுக் குடியிருப்பு. ஓர் அமைச்சகத்தில் உதவியாளர் வேலை. ரகசியத் தந்திகளைக் கையாளும் பிரிவுக்கு என் பெயர் வந்தது. அதில் சேருமுன் நடத்தை விசாரணை உண்டு. படிவத்தில் ஒரு கேள்வி: குடிப்பழக்கம் எப்போதாவது இருந்ததா? சிகிச்சை பெற்றதுண்டா?

இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை காலையிலேயே குடிப்பேன். மஞ்சள் காமாலை என்று லீவு போட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஜெபத்தால் மீண்டவன் நான். அந்த விடுதலையைச் சபையில் கண்ணீரோடு சொன்னவன், படிவத்தில் "இல்லை" என்று எழுதினேன்.

என் நடத்தைக்கு ஓர் அதிகாரி சான்று தர வேண்டும். எங்கள் சபை மூப்பர் தங்கராஜ் அண்ணாச்சி வேறொரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எனக்குக் குடிப்பழக்கம் இருந்ததே இல்லை என்ற சான்றை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஏல, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டாந்தவனே நான்தான். என்னயவே இதுல கையெழுத்துப் போடச் சொல்லுதியே?"

"அதான் விட்டுட்டேன்லா அண்ணாச்சி. பழசு எதுக்கு? பிள்ளைகள நெனச்சுப் போடுங்க."

மூடிய பேனாவை மறுபடி திறந்தார். கையெழுத்தைப் போட்டார்.

விசாரிக்க வந்தவர் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் என்மேல் பிரியமுள்ளவர். மறுநாள் இந்தியில் பெருமையாகச் சொன்னார்: "பையாஜி, உங்களைப் பத்தி ரொம்ப நல்லாச் சொல்லியிருக்கேன். முன்னாடி எப்படிக் குடிப்பார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்புறம் ஒரு சொட்டு தொடலைன்னு."

அடுத்த வாரம் அண்ணாச்சிக்கு மெமோ வந்தது. பொய்ச் சான்று கொடுத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

இரண்டு நாள் ஜெபித்தேன். அந்த ஃபைல் எங்காவது தொலைய வேண்டும் என்றுதான் கேட்டேன். மூன்றாம் நாள் காலை, ஆபீசுக்கு நடக்கையில், அந்த ஜெபம் எனக்கே அசிங்கமாகப் பட்டது. "ஆண்டவரே, என் வேலை போனால் போகட்டும். அண்ணாச்சியைக் காப்பாற்றும்" என்றேன். நேரே விசாரணை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சியை வற்புறுத்தியது நான்தான் என்றும் எழுதினேன்.

அதிகாரி கோபப்படவில்லை. "குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதை எழுதியிருந்தால் டாக்டர் சான்று கேட்டிருப்பேன். அனேகமாக அனுமதி கிடைத்திருக்கும். நீங்கள் ஒளிப்பது எவனுக்குத் தெரிகிறதோ, அவன் உங்களை மிரட்டி எந்த ரகசியத்தையும் வாங்கிவிடுவான். அதனால்தான் இப்போது தர முடியாது" என்றார்.

எனக்கு அனுமதி இல்லை, தண்டனையும் உண்டு. அண்ணாச்சியின் வேலை தப்பியது. நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். ஆனாலும் அண்ணாச்சியின் பதிவேட்டில் எச்சரிக்கை ஏறி, அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. அதை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

குடியைத் தொடாதபடி என்னை இன்றுவரை காக்கிறவருக்கு நன்றி. பிரியமானவர்களே, எதையாவது மூடிவைக்கச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தால், அதை நிறுத்திவிட்டு வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். நம்பிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த அந்த வாரத்து ஞாயிறு, சபையார் முன் நின்று நடந்ததைச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் அண்ணாச்சியின் கைகளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சாச்சுல" என்றார். "ஆனா இனிமே எங்கிட்ட எதுக்கும் கையெழுத்து கேட்டு வராத."

அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை.