நேராக ஓடிய கோடு

எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றின் பாய்லர் அழுத்தத்தை அந்தக் காலத்துக் குண்டு மானிட்டரில் கோடாகக் காட்டும் சாஃப்ட்வேரை அப்போது நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். கோடு வரைந்து தரும் வேலைக்கு வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்திருந்த ரெடிமேட் நிரலுக்கு, அதாவது லைப்ரரிக்கு, புது வெர்ஷன் வந்ததும் மாற்றினோம். எண்களைச் சரிபார்க்கும் டெஸ்ட் எல்லாம் பாஸ்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரே நாளின் அழுத்தத்துக்குப் பழைய வெர்ஷன் வரைந்த படத்தையும் புதியது வரைந்த படத்தையும் பிரிண்ட் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அழுத்தத்தை அளக்கும் சென்சார் நடுவில் செத்துப்போன நேரத்தில் பழைய கோடு அறுந்து நின்றது. புதியதோ அந்த இடைவெளியை நேர்கோடு போட்டு மறைத்திருந்தது. அழுத்தம் எகிறினாலும் திரை அமைதியாகவே இருக்கும்!

மேனேஜரிடம் கத்தினேன். நான் ஆபீஸ் கோமாளி. கோபத்தையும் மிமிக்ரி என்று நினைத்துவிட்டார்கள்.

"சூப்பரா நடிக்கிறய்யா!" என்று மேனேஜர் சிரித்தார்.

புதுத் திரையைப் பார்க்க வந்திருந்தார் பாய்லர் ஆப்பரேட்டர் சேவியர், ராயபுரத்துக்காரர். புதிய படத்தை அவரிடம் நீட்டி, "பாய்லர் எப்டிண்ணே கீது?" என்றேன்.

"ஜோரா கீது நைனா. குந்திகினு டீ குடிக்கலாம்."

"இந்த நேர்கோடு போற நேரம் சென்சாரே வேலை செய்யலண்ணே."

சேவியரின் முகம் கறுத்தது. மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"வெடிச்சா சாவுறது நாங்க. உனக்கு இன்னா சார் சிரிப்பு?"

உடனே பழைய வெர்ஷன் திரும்பியது. மேனேஜர் என்னிடம், "இதை முன்னாடியே சீரியஸா சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்த வார்த்தைக்கு இன்றும் வயிறு எரிகிறது. அவரைத் தினமும் சிரிக்கவைத்துக் கெடுத்தவன் நான்தான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எரிகிறது.