குச்சிக்குள் இருந்த கையெழுத்து

"இதுல எங்கீங்க என்ற கையெழுத்து?"

விரல் நீளமிருந்த அந்தக் குச்சியைப் பழனிச்சாமி ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருக்கிறது, கம்ப்யூட்டரில் செருகிப் பாஸ்வேர்டு கொடுத்தால் விழும் என்றேன். அவர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்கிறவனுக்கு விளக்கம் சொல்லியே தொண்டை வறண்டுவிடும். கம்பெனிகளின் ஆண்டறிக்கையை இனி காகிதத்தில் வாங்கமாட்டோம், இணையத்தில் டிஜிட்டல் கையெழுத்தோடு அனுப்புங்கள் என்று அரசு சொன்ன புதிது. எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் ஓர் அறையை வைத்துக்கொண்டு அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்துவந்தேன். என்னைப் போல பனியன் கம்பெனிப் படிகளில் ஏறி இறங்கிச் சட்டத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு மீதி புரியும்.

டேக்

பழனிச்சாமியின் கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்கள்: அவரும் அவர் மனைவி சரஸ்வதியும். ஆளுக்கொரு குச்சி. இதை வைத்து யார் போட்டாலும் சட்டப்படி அது உங்கள் கையெழுத்து, அதனால் குச்சியை யாரிடமும் கொடுக்காதீர்கள், பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள் என்று இரண்டையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனால், இரண்டும் அக்கவுண்டன்ட் ஜெபமணியின் மேஜை டிராயரில் கிடந்தன. அந்தக் கம்பெனியில் எந்தச் சாம்பிள் துணியும் டேக் இல்லாமல் ஒரு மேஜையை விட்டு இன்னொரு மேஜைக்குப் போகாது. ஸ்டைல் நம்பர், கலர், வாங்குகிற பையரின் பெயர் எல்லாம் அட்டையில் எழுதி நூலால் கட்டிவிடுவார்கள். குச்சிகளும் அந்த வழியாகத்தான் வந்திருந்தன. டேக்கில் பெயர், அதன் கீழே பாஸ்வேர்டு, அதற்கும் கீழே சிவப்பு மையில் 'அப்ரூவ்டு'.

அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த வேலையை நம்பிப் பெருமாநல்லூரில் வீடு பிடித்து அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். வாசல்வரை என் பின்னால் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், முதலாளி இல்லாதப்ப என்னையவே போடச் சொல்லுதாவ. ஏதும் வில்லங்கம்னா யாரைப் பிடிப்பாவ?"

பூஜை

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு குச்சி வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. போய்ப் பார்த்தேன். தையல் மெஷின்கள், அயர்ன் பாக்ஸ், மானிட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. குச்சிகளையும் விடவில்லை. ஒன்றின் வாயில் சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது.

ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பூஜைப் பாத்திரங்களை எடுத்துப்போக வந்திருந்த சரஸ்வதி, அது யாருடையது என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றேன். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்தும் போட்டோவும் இருந்தன. ஆனால் ஆளைப் பார்த்து நேரில் கொடுக்க வேண்டியதை நான் கணவர் கையில் கொடுத்திருந்தேன். சட்டத்தை ஊருக்கெல்லாம் சொன்னவனின் லட்சணம் அது.

"எனக்குன்னு ஒண்ணு இருக்குதுங்களா? யாரும் சொல்லவே இல்லீங்களே!"

ஜெர்மனி போன்

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகிற முதலாளிகள், வெறும் லெட்டர்ஹெட்டில் நாலைந்து கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். குச்சியையும் பழனிச்சாமி அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார். அவர் ஜெர்மனியில் இருக்கும்போது ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் வந்தது. காலையிலேயே ஜெபமணி என்னை வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது ஸ்பீக்கரில் முதலாளி குரல் கேட்டது. "என்றதச் செருகிப் போட்டு உடு கண்ணு."

ஜெபமணி எழுந்து நின்றுகொண்டு பேசினார். "அய்யா, நீங்க அங்க இருக்கையில இங்கன உங்க கையெழுத்து விழுந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்? அம்மாவும் டைரக்டர்தான, அவுங்க போட்டாலும் செல்லும்."

"அவளுக்கு என்ன கண்ணு தெரியும்?"

"எனக்குப் பயமா இருக்குய்யா. மன்னிச்சிருங்க."

முதலாளி சொன்னார்: "ஒவ்வொண்ணுக்கும் சட்டம் பேசீட்டிருந்தா நமக்குச் செரிப்பட்டு வராது கண்ணு. நீ வேற எடம் பாத்துக்க."

இரண்டாவது டைரக்டர்

ஜெபமணி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முதலாளி வீட்டு எண்ணை அழுத்தினார். அரைமணியில் சரஸ்வதி வந்துவிட்டார். டேக்கில் இருந்ததை மாற்றி அவர் புதிய பாஸ்வேர்டு அடிக்கும்போது நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம்.

"எங்க அமுத்தோணும் கண்ணு?"

ஜெபமணி காட்டினார். சரஸ்வதி அழுத்தவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையிலிருந்த அறிக்கையை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். ஆங்கிலம் தடுக்கிய இடங்களில் ஜெபமணி தமிழில் சொன்னார். பங்குதாரர் பட்டியலில் சரஸ்வதியின் விரல் நின்றது.

"பாதிப் பங்கு என்ற பேர்லீங்களா?"

"ஆமாங்கம்மா" என்றேன்.

அந்த நேரம் மறுபடி ஜெர்மனி கூப்பிட்டது. ரிசீவரைச் சரஸ்வதியே எடுத்தார். "ஏனுங்க, படிச்சிட்டிருக்கறனுங்க... இல்லீங்க, அந்தப் புள்ள செஞ்சதுதான் செரி. கண்ட எடத்துல அது உங்க கையெழுத்தப் போட்டிருந்தா உங்களுக்கு நல்லா இருக்குமுங்களா? புள்ள எங்கீம் போகாதுங்க. இனிமேட்டு என்றத நானே வந்து போட்டுக்கறேன்." மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அவர் சிரித்தார். "செரிங்க. நீங்க சாப்டீங்களா?"

ஜெபமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு அன்று ஒன்றரை மணிநேரம் ஆனது. நான் விற்ற கையெழுத்துகளில் உரியவர் படித்துவிட்டுப் போட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ரசீது அச்சாகி வந்தது. சரஸ்வதி அதை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஜெபமணி ஃபைலுக்கு இன்னொரு பிரதி எடுத்தார்.