ஆறேகால் அங்குலக் காப்பு

அம்மா குவைத்தில் நான்கு வருடம் இருந்தாள். இது இரண்டாவது வருடம் முடியப்போகிற நேரத்தில் நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா வெள்ளி வேலை செய்வார். மாத்தளை டவுனில் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டோடு ஒட்டின தகரக் கொட்டகைதான் பட்டறை. காப்பு மட்டும்தான் அடிப்பார். மெஷின் காப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். இருந்தாலும் பல்லேகம, வில்கமுவ பக்கமிருந்து பஸ் ஏறி வந்து அப்பாவிடம் அடித்துக்கொண்டு போகிற ஆட்கள் இருந்தார்கள்.

அவர் அடிக்கிற காப்புக்குப் பூட்டு கிடையாது, வாய் கிடையாது. முழு வளையம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கையை ஒடுக்கினால்தான் ஏறும். அதனால் மணிக்கட்டை அளப்பதில்லை. மடக்கின கையை, விரல் மொளிக்கு, அந்த மூட்டு எலும்புக்கு மேலே நூல் சுற்றி அளக்க வேண்டும்.

அப்பாவுக்கு நூல்கூட வேண்டாம். ஒருமுறை தம்புள்ளைக்கு பஸ்ஸில் போனோம். முன்னால் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா என் காதுப் பக்கம் குனிந்து "ஏழு" என்றார். தம்புள்ளை போய்ச் சேரும்வரை அவர் பேசினது அது ஒன்றுதான்.

அம்மா வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் பண்ணுவாள். அந்த வீட்டு மேடம் வெளியே போகிற நேரம். நான்தான் பேசுவேன். அப்பா கொட்டகையிலேயே இருப்பார். "சாப்பிட்டாச்சான்னு கேளு" என்பார். அம்மாவும் அதையேதான் கேட்பாள். சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு என்று நான் இரண்டு பக்கமும் சொல்வேன். பத்து நிமிஷத்தில் போன் கார்டு முடிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா சொன்னாள்:

"கடைசி வளையலும் ஒடைஞ்சு போச்சு. சட்டி கழுவுறப்ப மோதிருச்சு. இப்ப வெறுங்கையோட நிக்கிறேன்."

நான் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சுத்தியலை வைத்தார். "புருஷன் இருக்கிற பொம்பள வெறுங்கையா இருக்கக்கூடாது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அம்மாவின் தங்கச்சியான என் சித்திக்கு அப்போது குவைத்துக்குப் போக ஏற்பாடாகியிருந்தது. வேறு வீடு, ஆனால் அதே ஊர். வெள்ளியில் உடையாத காப்பு ஒன்று அடித்துச் சித்தியிடம் கொடுத்துவிடுவது என்று அப்பா முடிவு பண்ணினார்.

அதே சமயம் இன்னொரு பேச்சும் இருந்தது. மேடம் அம்மாவை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். வருவியா, வர மாட்டியா என்று நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டேன். "பாப்போம்டி" என்றுதான் அம்மா சொல்வாள்.

நான் யோசித்தேன். அம்மாவுக்கு ஊறுகாய் அனுப்பினோம். அம்மா வரவில்லை. சேலை அனுப்பினோம். வரவில்லை. எது தேவைப்பட்டாலும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிறகு எதற்கு வருவாள்? காப்பும் போய்விட்டால் கணக்கு முடிந்தது. இங்கே இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளவாவது வருவாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா என்னை அளவு கேட்கச் சொன்னார்.

"உங்களுக்குத்தான் தெரியுமே" என்றேன்.

"ரெண்டு வருஷம் தண்ணியில கெடந்த கை. மாறியிருக்கும். கேட்டுச் சொல்லு."

அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். "அவருக்குத் தெரியாத கையா?" கை மாறியிருக்கும் என்று அப்பா சொன்னதைச் சொன்னேன். பிறகு ஒரு நூலும், அந்த வீட்டுப் பிள்ளை கோடு போடுகிற அடிமட்டமும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் நடந்து போய் வருகிற சத்தம் போனில் கேட்டது.

"ஏழே முக்கால். மொளியெல்லாம் தடிச்சுப் போச்சு. அத அப்பாகிட்ட சொல்லாத, என்ன? அளவ மட்டும் சொல்லு."

போனை வைத்துவிட்டு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்தேன். என் கையை மடக்கிச் சுற்றினேன். அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறேகால். கொட்டகைக்குப் போனேன்.

"எவ்வளவு?"

"ஆறேகால்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நூல் இன்னும் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஆறேகாலா?"

"ஆமாப்பா."

"சரி."

தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்பாவை ஏமாற்றுவது இவ்வளவு லேசா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

வேலை தொடங்கியது. வெள்ளிக் கம்பியை நெருப்பில் காட்டி, மங்கலாகச் சிவந்ததும் தண்ணீரில் போடுவார். அப்போது அது நார் மாதிரி வளையும். அடிக்க அடிக்க இறுகும். இறுகினால் சத்தம் மாறும், கணீர் என்று வரும். அதற்கு மேல் ஓர் அடியும் அடிக்க மாட்டார், வெடித்துவிடும். மறுபடி நெருப்பு, மறுபடி தண்ணீர். கம்பி சரியான கனத்துக்கு வந்த பிறகு சின்னச் சுத்தியலை எடுத்தார். ஒரு பள்ளம் இன்னொரு பள்ளத்தைத் தொடுகிற மாதிரி வரிசையாக அடித்தார். மீன் செதிள் மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு இரண்டு நாளில் முடிக்கிற வேலை. இதற்கு நான்கு நாள் ஆனது. கடைக்காரர் ஒருவர் தன் வேலை என்னாச்சு என்று வந்து கத்திவிட்டுப் போனார். அப்பா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

நாலாவது நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கம்பியை வளைத்து, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்திருந்தார். பற்ற வைத்துவிட்டால் பிறகு அளவு மாற்ற முடியாது. அரைக்கால், கால் அங்குலம் தட்டி நீட்டலாம், அவ்வளவுதான்.

"பாப்பா, இங்க வா. ஆறேகால்தானே?"

"ஆமா."

"அம்மா கை."

"ஆமாப்பா."

அவர் உடனே பற்ற வைக்கவில்லை. குறடைப் பிடித்தபடி இருந்தார். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அம்மா பாயில் என் பக்கமாகத் திரும்பிப் படுப்பது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. அப்பா கேஸ் நெருப்பை மூட்டினார்.

வியாழக்கிழமை சித்தி வந்தாள். சனிக்கிழமை அவளுக்குப் பயணம். புதுச் செருப்பு, புதுப் பை. வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எங்க மச்சான், எங்கக்கா காப்பு? எயாபோட்ல புடிச்சாங்கன்னா என் கையிலயே போட்டுக்கிட்டுப் போயிருவேன், பாத்துக்கங்க!"

அப்பா எடுத்துக் கொடுத்தார். சித்தி கையை மடக்கிப் போட்டுப் பார்த்தாள். மொளியில் நின்றது. இழுத்தாள், எச்சில் தொட்டுத் தள்ளினாள். ஏறவில்லை. சித்தி அம்மாவைவிட ஒல்லி.

"என்ன மச்சான் இது? கொழந்தப் புள்ளைக்கா செஞ்சிருக்கீங்க?"

"அளவு பிழைச்சிருச்சு."

"உங்களுக்கா?" சித்தி இடுப்பில் கை வைத்தாள். "ரோட்டுல போற வர்ற பொம்பளைங்க கையெல்லாம் கண்ணாலயே அளப்பீங்க. கட்டுன பொண்டாட்டி கை மறந்துபோச்சாக்கும்? வரட்டும், அக்காகிட்ட சொல்றேன்."

அப்பா காப்பை வாங்கி மேசையில் வைத்தார். லேசாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு. வேற ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாது."

மேசை லாச்சியில் வெள்ளிக் கம்பி இருந்தது எனக்குத் தெரியும். ஏன் முடியாது என்கிறார் என்று விளங்கவில்லை. காரியம் நடந்தது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். சித்தி முணுமுணுத்துக்கொண்டே வெறும் கையோடு போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குப் போன் அடித்தது. சித்தி அதற்குள் ஏதாவது சொல்லியிருப்பாளோ, அம்மா ஏழே முக்கால் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். நான் எடுப்பதற்குள் அப்பா கொட்டகையிலிருந்து வந்தார். கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அவராகப் போனை எடுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. எடுத்ததுமே சொன்னார்:

"காப்பு அனுப்பல. அளவு பிழைச்சிருச்சு. நீ வந்தாத்தான் சரியா அடிக்கலாம்."

அவ்வளவுதான். பிறகு பேசவில்லை. போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பக்கத்தில் போய் எட்டிக் கேட்டேன். அந்தப் பக்கமும் பேச்சில்லை. கடிகாரம் ஓடியது. அம்மா எந்த நேரமும் அளவைச் சொல்லிவிடுவாள் என்று எனக்கு வேர்த்தது. அப்பா அசையவே இல்லை. சும்மா காதில் வைத்துக்கொண்டு என்னத்தைக் கேட்கிறார்?

"லைன் கட்டாயிருச்சுப்பா" என்றேன். அவர் கையிலிருந்து போனை வாங்கிச் சிவப்புப் பட்டனை அமத்தினேன்.

அப்பா என் கையிலிருந்த போனைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"கட்டாகல பாப்பா. அம்மா லைன்லதான் இருந்துச்சு."

"இருந்தா ஏன் பேசல?" என்று நான் கேட்டேன்.