அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிய சதுரம்

ஆண்டு நிறைவுப் பூசைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையிற் பெறும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். என் தங்கையாரைப் பற்றி எழுத அமர்ந்தபோது, உங்களுட் பலர் என்னிடம் கேட்ட வினாவே முதலில் வந்து நிற்கிறது: மகளின் திருமணத்துக்கு அவர் உடன்பட்டாரா? முழு விடை என்னிடம் இல்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

தங்கையார் இறக்கக்கண்டியிற் பிறந்தவர். கடற்றொழிற் குடும்பம் ஒன்றில் மணம்புரிந்து, திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்துக் குடியமர்ந்தார். மகள் கைக்குழந்தையாக இருக்கையிலேயே கணவரைக் கடல் கொண்டது. அதன்பின் பிறருடைய கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தே அவர் வாழ்ந்தார். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோதும் வலையூசியை மடியில் முடிந்துகொண்டே நடந்தார். எவரிடமும் கையேந்தியதில்லை, கடுஞ்சொல்லும் அரிது. ஆயினும் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

மகள் கற்றுத் தேர்ந்து நோர்வேயில் தாதியாகப் பணிபுரிகிறாள். அந்நாட்டவர் ஒருவரை மணக்க விரும்புவதாக அவள் தெரிவித்த நாள்முதல் தங்கையார் அவளோடு பேசுவதை நிறுத்தினார். ஒரு மாரிகாலம் அவ்வாறே கழிந்தது. பின்னர் மணமகனின் தாயாரிடமிருந்து ஒரு பொதி வந்தது: சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூல், பின்னல் ஊசிகள், மாதிரிக்கு ஒரு சதுரம். இரு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு சதுரம் பின்ன, அவற்றை இணைத்து மணமக்களுக்குப் போர்வையாக அளிப்பது அக்குடும்ப வழக்கமாம்.

தங்கையார் பொதியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சில நாட்களின் பின் தாமே எடுத்தார். மகளைக் கைப்பேசியில் முகம் தெரிய அழைத்து, "இந்த ஊசியை எப்பிடிப் பிடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

இரு நிற நூல்களையும் ஒருங்கே கொண்டு பின்னும் முறை அது. ஒரு நிறம் முன்னே கண்ணிகளாக விழும்போது மற்றையது துணியின் பின்புறமாகச் செல்லும். பின்னே செல்லும் இழை தளர்ந்து கிடந்தாலன்றித் துணி விரியாது. வலை பொத்திய கைக்கோ முடிச்சை இறுக்குவதே பழக்கம். தங்கையார் ஒவ்வொரு கண்ணிக்கும் பின்னிழையைச் சுண்டி இழுத்தார். சதுரம் சிரட்டைபோற் குழிந்தது.

"அம்மா, பின்னுக்கு நூலை இழுக்காதேங்கோ. சும்மா கிடக்கட்டும்."

"இழுக்காட்டி மீன் போயிடுமடி."

"போர்வைக்குள்ள என்னம்மா மீன்?"

இருவரும் சிரித்ததை அயற்கதிரையில் இருந்து கேட்டேன். அத்துணிவில் மகள், "அம்மா, அவரோட ஒருக்காக் கதைக்கிறீங்களோ?" என்றாள்.

"நீ நூலைப் பார்" என்றார் தங்கையார். சிரிப்பு அடங்கிவிட்டது.

அவிழ்ப்பார், மீளப் பின்னுவார், மீண்டும் குழியும். வெக்கையில் வியர்த்த விரல்களில் கம்பளி ஒட்டும். "ஏலாது அண்ணா, இந்தக் கை சொல்லுக் கேக்குதில்லை" என்பார், ஆனால் வைத்துவிடமாட்டார். இதற்கிடையே இருதய நோய் முற்றியது. மருத்துவமனைக் கட்டிலிலும் பின்னினார். மேல்விளிம்பில் சில வரிசைகள் எஞ்சியிருக்க, ஒரு விடியலில் அவர் மூச்சு அடங்கியது.

அச்சதுரம் கீழே ஒடுங்கியும் மேலே அகன்றும் இருந்தது. கை கற்றுத் தளர்ந்ததா, நோயினால் தளர்ந்ததா, அறியேன்.

மகள் வந்து சேரும்வரை காத்திருந்தோம். சவப்பெட்டி மூடும் வேளையில், தங்கையாருடைய கணவரின் தமக்கையார் அச்சதுரத்தை உள்ளே வைக்க எடுத்தார்.

"மச்சாளின்ர கைவேலை அவவோடயே போகட்டும். செத்தவீட்டுத் துணியைக் கலியாணப் போர்வையில தைக்கேலாது."

"தாங்கோ மாமி. அது எனக்குப் பின்னினது."

"உனக்கெண்டு அவ எப்ப சொன்னவ?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, அம்மா ஓம் எண்டு சொன்னவவோ?"

கூடியிருந்தோர் அனைவரும் என்னையே நோக்கினர். அந்த நேரத்தில் ஒரு பொய் எளிதாயிருந்திருக்கும். "சொல்லேல்லைப் பிள்ளை. அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினவ. நான் கண்டது அவ்வளவுதான்" என்றேன்.

 அத்தமக்கையார் சதுரத்தை மகளின் கையில் வைத்தார். உள்ளே சென்று பழைய வலையூசியை எடுத்துவந்து தங்கையாரின் கையருகே வைத்தார். பெட்டி மூடப்பட்டது.

துக்க ஆண்டு முடியட்டும் என்று மகளே திருமணத்தைத் தள்ளிவைத்தாள். இன்றோடு அந்த ஆண்டு நிறைகிறது.

நோயில் துணைநின்ற மருத்துவர்க்கும் தாதியர்க்கும், சமைத்துத் தந்த அயலவர்க்கும், படகுகளைக் கரையேற்றிவிட்டு வந்து பாடை சுமந்த கடற்றொழிலாளர்க்கும் எம் குடும்பத்தின் நன்றி. நாங்கள் இதுவரை நேரிற் கண்டிராத மணமகனின் தாயார்க்கும் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன். எஞ்சிய வரிசைகளை மகளே நோர்வே திரும்பிப் பின்னி முடித்தாள். ஆனால் அச்சதுரம் மற்றைய சதுரங்கள் எதனோடும் பொருந்தவில்லை. அதனை நீரில் நனைத்து இழுத்து நேராக்கலாம் என்று பிறர் கூறியபோது அவ்வம்மையார் இசையவில்லையாம். அருகில் வரவேண்டிய தம் சதுரத்தை முற்றாக அவிழ்த்து, கீழே அகலவும் மேலே ஒடுங்கவும் புதிதாகப் பின்னித் தங்கையாருடைய சதுரத்தோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்.