பத்ரி டைப் அடித்த மொட்டைக் கடிதம்

பத்ரிநாராயணன் லஸ்ஸில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தார். வீடு சித்திரகுளத்துக்குப் பக்கத்துத் தெருவில். டெஸ்ட் மேட்ச் நடக்கும் ஐந்து நாளும் அந்தத் தெருவில் எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே குரலில் பேசும். பத்ரி வீட்டு ரேடியோ மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கும். அவருக்குக் கால்பந்துதான். காலேஜில் படித்தபோது சாந்தோம் கடற்கரையில் மீனவர்கள் வெறுங்காலோடு ஆடுவதை நின்று பார்த்தவர், அப்புறம் அதிலிருந்து மீளவே இல்லை. தான் ஆடியது கிடையாது. பத்து அடி ஓடினால் மூச்சு இழுக்கும். பார்ப்பார், கத்துவார், அவ்வளவுதான்.

அவர் பார்த்த டீமின் பெயர் லஸ் யூனியன். லீக்கில் இரண்டாவது டிவிஷன். பட்டினப்பாக்கத்திலிருந்து நாலைந்து பேர், ராயப்பேட்டைப் பட்டறைகளிலிருந்து மிச்சப்பேர் என்று சேர்த்து, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கணேசமூர்த்தி செக்ரட்டரியாக இருந்து நடத்தி வந்தார். மூன்று வருஷமாக முதல் டிவிஷனுக்குப் போகிற வாய்ப்பைக் கடைசி வாரத்தில் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று வருஷமும் கடைசி மேட்ச் அன்று பத்ரி வீட்டில் சாப்பிடவில்லை. மனைவி ஜெயலக்ஷ்மி கேட்டும் பார்த்தாள்: “பந்தை யாரோ உதைக்கறா, உங்களுக்கு ஏன் பசிக்கலை?”

எழுபத்துநாலாம் வருஷம் எல்லாமே வேறு மாதிரி ஆரம்பித்தது. முதல் ஏழு மேட்சில் ஆறு ஜெயம், ஒன்று டிரா. வாங்கிய கோல் இரண்டே இரண்டு. காரணம் கோல்கீப்பர் கரீமுல்லா. இருபத்தாறு வயது, லேத் பட்டறையில் வேலை, ஒல்லியான உடம்பு. பந்து காலைவிட்டுக் கிளம்பும் முன்பே அது எங்கே வரும் என்று தெரிந்தவனைப் போல நகர்வான். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் கம்பி வேலிக்கு அருகே வந்து, “இன்னா சாமி, இன்னிக்கு தொண்டை ஜாஸ்தி கத்தலியே?” என்பான். பத்ரிக்கு அதில் ஒரு வாரம் ஓடும்.

எட்டாவது மேட்சில், அதுவரை வெறுங்கையோடு ஆடிய கரீமுல்லா கையுறை போட்டுக்கொண்டு இறங்கினான். மழையில்லை, கொளுத்துகிற வெயில். முப்பது அடி தூரத்திலிருந்து மெதுவாக உருண்டு வந்த பந்து அவன் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. அந்த மேட்ச் தோல்வி. அடுத்ததும் தோல்வி. பத்தாவது மேட்சில் இரண்டு கோல், இரண்டும் கையில் விழுந்து நழுவியவை. பத்ரி எழுந்து நின்று கத்தினார்: “எவ்வளவுக்குடா வித்தே?” பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். வேலிக்கு அருகே வந்த கரீமுல்லா அன்று ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான்.

இரண்டு நாள் கழித்து, ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடையில் பத்ரி அவனைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் வலியுல்லா. லஸ் யூனியனோடு முதலிடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்த டீமின் மேனேஜர். வலியுல்லா காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினார். கரீமுல்லா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

மறுநாள் வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்த மத்தியான வேளையில், பத்ரி மெஷினில் ஒரு தாளைச் செருகினார். தேதி, இடம், கடையின் பெயர், பொட்டலத்தின் அளவு எல்லாவற்றையும் எழுதினார். “எதிர் டீமிடம் பணம் வாங்கிக்கொண்டு கோல் விடுகிறான் என்பதை நேரில் கண்டேன்” என்று முடித்தார். பணத்தை அவர் காணவில்லை. அந்த வரியை அடித்தபோது விரல் நிற்கவும் இல்லை. கீழே ‘நலம் விரும்பி’ என்று போட்டு, கணேசமூர்த்தியின் கடை விலாசத்துக்கு அனுப்பினார். தபால் பெட்டியில் கவர் விழுந்த சத்தத்தைக் கேட்டதும், நல்ல காரியம் செய்தவரைப் போல காபி சாப்பிடப் போனார்.

கடைசி மேட்சில் கோல் கம்பங்களின் நடுவே கரீமுல்லா இல்லை. இனாயத் என்ற மாற்று கீப்பர் நின்றான். எழுபத்தோராவது நிமிஷத்தில் லஸ் யூனியன் ஒரு கோல் போட்டது. அதையே காப்பாற்றி ஜெயித்தது. முதல் டிவிஷன். பத்ரி அழுதார். மறுநாள் கணேசமூர்த்தி கடை மாடியில் டீமைப் போட்டோ எடுத்தபோது, “சாமி, நீரும் உக்காரும், எத்தனை வருஷமாக் கத்துதீரு” என்று அவரையும் முன் வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எவனோ நல்லவன் ஒரு லெட்டர் போட்டான். இல்லேன்னா இந்த வருஷமும் போயிருக்கும். அந்தப் பயலை எல்லாருக்கும் முன்னால நிக்கவச்சுக் கேட்டு அனுப்பிட்டேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“வாங்கலைன்னான். வேற என்ன சொல்லுவான்?”

அடுத்த வாரம் ஜெயலக்ஷ்மி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ராயப்பேட்டையில் எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுப் போடுகிற ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். ரிக்‌ஷா வைத்துக் கூட்டிப் போனார். உள்ளே பெஞ்சில் ஏழெட்டுப் பேர். முதல் ஆளாகக் கரீமுல்லா உட்கார்ந்திருந்தான். இடது கையில் கட்டு. பக்கத்தில் அவன் மனைவி கைசர் ஜஹான்.

“இன்னா சாமி, மாமிக்கு இன்னா ஆச்சு?” என்று எழுந்தான். “இங்க குந்துங்க மாமி. மொதல்ல நீங்க காட்டுங்க. எனக்கு இன்னா, சும்மா கட்டு மாத்தத்தான்.”

கட்டுப் போடுகிறவர் ஜெயலக்ஷ்மியின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கரீமுல்லாவைக் காட்டிப் பேசினார். “இந்த ஆளைப் பாருங்கோ. பட்டறைல இரும்பு விழுந்து ரெண்டு விரல் ஒடைஞ்சி கீது. கட்டை அவுத்துட்டு, கையுறைய மாட்டிக்கினு மூணு மேட்ச் ஆடிக்கிறான். வலியுல்லா பாய்தான் புடிச்சி இழுத்துக்கினு வந்தாரு. பச்சிலைப் பொட்டலத்தக்கூட அவரே வாங்கினு போய்க் குடுத்தாரு.”

“வேற கீப்பர் இல்லியே அப்போ,” என்றான் கரீமுல்லா. “இனாயத்து ஊருக்குப் போயிருந்தான். சொன்னா டீம் பயந்துரும்னு சொல்லல.”

பத்ரி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் என்ன படம் இருந்தது என்று பிறகு கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ரிக்‌ஷாவில் ஜெயலக்ஷ்மி, “ஏன்னா, யாரு அந்தப் பிள்ளை? ரொம்ப மரியாதையா நடந்துண்டான்” என்றாள். பத்ரி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு, “அவன் எனக்கு எடம் விட்டான். நான் போய் உக்காந்துண்டேன்” என்றாள். அன்றைக்குச் சாப்பாடு போட்டாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்ரி கரீமுல்லாவின் வீட்டுக்குப் போனார். கைசர் ஜஹான் கதவைத் திறந்தாள். அவன் வெளியே வருவதற்குள் அவளிடமே சொல்லிவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் தள்ளினால் சொல்லாமல் திரும்பிவிடுவோம் என்று பயந்தார்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்த கரீமுல்லா கதவைப் பிடித்தபடி நின்றான். “நான் யார் யாரையோ நெனச்சேன் சாமி. நம்ம பசங்களையே நெனச்சேன். கூட ஆடறவனைப் பார்த்துக்கினு, இவனா அவனான்னு, பத்து நாளாத் தூங்கல. உங்களை மட்டும் நெனக்கல.”

“மன்னிச்சுக்கோன்னு கேக்க வரலை.”

“கேக்காதீங்க,” என்றாள் கைசர் ஜஹான். “என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? இவரை நிக்கவச்சிக் கேட்டாங்கள்ல, அங்க போய்ச் சொல்லுங்க.”

கணேசமூர்த்தி கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பத்ரி சொன்னதைக் கேட்டதும் கை நின்றது. “அதை நீரா எழுதினீரு?” என்றார். பிறகு சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. டீம் மேல வந்திருக்கு. இப்போ இதைக் கிளப்பினா எனக்கும் அசிங்கம், உமக்கும் அசிங்கம். பேசாம இரும்.”

அந்த யோசனை பத்ரிக்கு ஒரு கணம் பிடித்துத்தான் இருந்தது. அதையும் அவர் பிற்பாடு ஒளிக்காமல் சொல்வார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விருந்தில், ஆட்டக்காரர்கள் எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று சொன்னார். கையுறையைச் சொன்னார், பச்சிலையைச் சொன்னார், பணத்தைத் தான் பார்க்கவில்லை என்பதையும் சொன்னார். யாரும் திட்டவில்லை. பட்டினப்பாக்கத்து ஹாஃப் பேக் கபாலி இலையை மடித்துவிட்டு வெளியே போனான். இன்னும் மூன்று பேர் அவன் பின்னால் போனார்கள். இனாயத் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். பத்ரி படியிறங்கும்போது கணேசமூர்த்தி, “இனிமே பிராக்டிஸ் பக்கம் வராதேயும்” என்றார்.

கணேசமூர்த்தி இரண்டு தடவை ஆள் அனுப்பியும் கரீமுல்லா திரும்பி வரவில்லை. விரல்கள் கோணலாகக் கூடின. மறு வருஷம் வலியுல்லாவின் டீமில் சேர்ந்தான். அது இன்னும் இரண்டாவது டிவிஷனில்தான் இருந்தது. லஸ் யூனியன் முதல் டிவிஷனில் ஒரே வருஷம் ஆடிவிட்டுக் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. அதற்காக அத்தனை வருஷம் காத்திருந்த பத்ரி, அந்த வருஷத்தில் அவர்களுடைய ஒரு மேட்சைக்கூடப் பார்க்கவில்லை. கரீமுல்லா ஆடிய மேட்சுகளுக்குப் போனார். வேலியிலிருந்து தள்ளி, மேல் வரிசையில் ஓரமாக உட்காருவார். கத்துவதில்லை.

ஒரு நாள் பெனால்டி ஒன்று கரீமுல்லாவைத் தாண்டிப் போனது. பக்கத்திலிருந்த, முன்பின் தெரியாத ஒருவர், “இவன் பழைய டீம்லயே துட்டு வாங்கிக்கினு வுட்டவன் சார், தெரியுமில்ல?” என்றார்.

“வாங்கலை,” என்றார் பத்ரி. “அது பொய்.”

“உனக்கு எப்டிப்பா தெரியும்?”

“அதை எழுதினது நான்தான். என் பேர் பத்ரிநாராயணன். லஸ்ஸுல டைப்பிஸ்ட்.”

அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். அங்கே இருந்தவர்களிடம் ஏதோ சொல்லிக் கையைக் காட்டினார். நாலைந்து முகங்கள் திரும்பின. பத்ரி தலையைக் குனியாமல் இருக்க முயன்றார். முடியவில்லை. ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.