சொந்தக் காரணத்துக்காக ஒரு வருட விடுப்பு

விடுப்பு விண்ணப்பத்தில் "நாவல் எழுத" என்று உள்ளதை உள்ளபடி எழுதித் தொலைத்திருக்கலாம். தலைமையாசிரியர் சிரித்திருப்பார், மேலே இருப்பவர்கள் திருப்பி அனுப்பியிருப்பார்கள், நான் வழக்கம்போல அரியலூர் பஸ் பிடித்துப் போய்ப் பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்திருப்பேன். அதை விட்டுவிட்டு, புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "சொந்தக் காரணம்" என்று எழுதினேன். கல்யாணமான ஒரு பொம்பளை, வயது முப்பத்தைந்து, ஒரே பெண் குழந்தை, சம்பளமே வேண்டாம் என்று ஒரு கல்வியாண்டு முழுக்க விடுப்புக் கேட்கிறாள். அவளுக்கு என்ன சொந்தக் காரணம் இருக்க முடியும் என்று எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் இரண்டாவது தடவை யோசிக்க மாட்டார்கள்.

நான் கணக்கு டீச்சர். வீடு பெரம்பலூரில், பள்ளிக்கூடம் அரியலூர்ப் பக்கம். போகவர பஸ்ஸில், சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே, செல்போனில் கதை எழுதிப் பழகியவள். நாலைந்து கதைகள் சிற்றிதழ்களில் வந்திருந்தன. சிறுகதையைப் பஸ்ஸில் எழுதிவிடலாம். நாவல் அப்படி நடக்காது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே வாழ்கிற ஒரு குடும்பத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குள் நெடுநாளாக ஒரு அரிப்பு. ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறையில் ஆரம்பிப்பேன், பள்ளி திறந்ததும் நின்றுவிடும். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் முடித்துவிடலாம், முடிக்காவிட்டால் இனி எப்போதுமே முடிக்கப்போவதில்லை என்று தோன்றியது. அதனால் விடுப்புப் போட்டேன்.

வீட்டுக்காரர் விதைக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மக்காச்சோள விதை, பருத்தி விதை என்று பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். சொன்னபோது, "உன் இஷ்டம்" என்றார். அவர் "உன் இஷ்டம்" என்றால் அதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. பின்னால் ஏதாவது ஆனால் அதில் அவருக்குப் பங்கும் இல்லை. இருந்தாலும் பின்கட்டு அறையில் அடுக்கியிருந்த மாதிரி விதைப் பைகளை எடுத்து, ஒரு மேசை போட இடம் செய்துகொடுத்தார். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்.

பள்ளி திறந்த முதல் வாரமே, எங்கள் ஸ்டாஃப் ரூம் அறிவியல் டீச்சர் ஒரு பை மாதுளையோடு வந்து இறங்கினார். நான் முதல் அத்தியாயத்தில் இருந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க டீச்சர்?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"எந்த டாக்டரு? எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நாவல் எழுதறேன், அதுக்குத்தான் லீவு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சரி சரி, புரியுது. மூணு மாசம் தாண்டாம வெளில சொல்லக் கூடாதுதான். நான் மூச்சு விட மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் மூன்று மாதம் முடிகிறவரை கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள், கண் பட்டுவிடும் என்று. யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களும் அந்த இல்லையை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். அப்படியானால் உண்மையாகவே இல்லாதவள் என்னதான் சொல்வது? ஆமாம் என்றாலும் ஆமாம், இல்லை என்றாலும் ஆமாம். இத்தனை வருடம் கணக்கு நடத்தியிருக்கிறேன், எதைப் போட்டாலும் ஒரே விடை வருகிற இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை.

மூச்சு விட மாட்டேன் என்று போனவர் பஸ்ஸில் போகும்போதே விட்டிருக்க வேண்டும். சாயங்காலம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் காரணமே சொல்லாமல் ஆளாளுக்குக் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

சரி, வெளியாள் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் என் மாமியார் இருக்கிறாரே. தெருவில் யாராவது, "என்ன, மருமவ வூட்லயே இருக்காப்புல, எதும் விசேஷமா?" என்று கேட்டால், அவர் ஆமாம் என்று சொல்ல மாட்டார். இல்லை என்றும் சொல்ல மாட்டார். லேசாகச் சிரித்து, "சாமி கண்ணத் தொறக்கணும்" என்பார். அது போதாதா?

"ஏன் அத்தை, இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று சண்டைக்குப் போனேன்.

"எழுதறதுக்கு லீவு போட்டிருக்கான்னு நான் எந்த வாயால சொல்றது? சஸ்பெண்டு பண்ணிட்டாங்க, மூடி மறைக்குறாங்கன்னு பேசுவாங்க. இது கௌரவமா இருக்குல்ல? நீ பாட்டுக்கு எழுது, யாரு வேணாங்கறா?"

நான் பாட்டுக்கு எழுத முடிந்தால்தானே! ஒரு நாள் பழம் வரும், மறுநாள் புளியோதரை வரும். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிறந்த ஊர் லப்பைக்குடிக்காடு, வீட்டுக்காரர் துபாயில். அவர் அங்கிருந்து வந்த குங்குமப்பூ டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "ராத்திரி பால்ல ரெண்டு இழை போட்டுக் குடிங்க டீச்சர். புள்ள நல்ல கலரா பொறக்கும், இன்ஷா அல்லா." நான் வேண்டாம் என்று தள்ளினால், கூச்சப்படுகிறேன் என்று அர்த்தம். வாங்கிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மேலும் ஒருவர் வந்தார். ஜெயங்கொண்டத்திலிருந்து மாமியாரின் தங்கை, சொந்தத் தோப்பு முந்திரியோடு வந்து, "ஒத்தாசைக்கு" என்று தங்கிவிட்டார். நான் மடிக்கணினியை மடியில் வைத்து எழுதுவதைப் பார்த்துப் பதறிப்போனார். "ஏம்மா, அந்தச் சூடு வயித்துல ஏறுனா என்னத்துக்கு ஆவும்? படிச்ச புள்ளதானே நீ?" மேசையில் வைத்தேன். மேசையில் வைத்தால் குனிந்து உட்காரக் கூடாதாம். கொஞ்ச நேரம் ஆனதும் வந்து கதவைத் தட்டி, நடக்கச் சொன்னார், படுக்கச் சொன்னார், எழுந்து ஜூஸ் குடிக்கச் சொன்னார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த என் கதாநாயகன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கிற இடத்தில் நான் அவர் கட்டை விரலை மையில் தோய்த்தேன். அது காகிதத்தைத் தொடுவதற்குள் ஜூஸ் மூன்று தடவை வந்தது. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்கு வேறு இழுத்துக்கொண்டு போனார்கள். வேண்டுதலாம். வரிசையில் நின்றபோது நான் பெருமாளிடம் ஒரு அத்தியாயம் கேட்டேன்.

வீட்டுக்காரரிடம் கத்தினேன். "நீங்களாவது சொல்லக் கூடாதா? உங்களுக்குத் தெரியாததா?"

"விடேன். ரெண்டு மாசம் பேசுவாங்க, அப்பறம் அடங்கிடும்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அடங்கவில்லை. தீபாவளி நெருங்க நெருங்க, வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றைப் பார்த்தார்கள். நான் நைட்டியில் இருந்ததால் ஒரு முடிவுக்கும் வர முடியாமல் தவித்தார்கள். தீபாவளிக்குப் புடவை கட்டினேன். அன்றைக்குத் தெருவே பார்த்துவிட்டது. அதோடு வரவு நின்றது. பழம் இல்லை, பலகாரம் இல்லை, சின்ன மாமியாரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இனிமேல்தான் என் விடுப்பு என்று கதவைச் சாத்திக்கொண்டு, அதுவரை எழுதியதை முதலிலிருந்து படித்தேன்.

செத்துக் கிடந்தது. வேறு சொல் இல்லை. பக்கம் பக்கமாக அந்த மனிதர் பேசிக்கொண்டே இருந்தார், நிலத்தை ஏன் கொடுத்தேன், எப்படிக் கொடுத்தேன் என்று. கொடுத்தவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை என்பது இத்தனை மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. ஒரு வரியைத் திருத்தினால் அடுத்த வரி விழுந்தது. இரண்டு நாள் முட்டிப் பார்த்தேன். சரிப்படவில்லை. பாதி வருடம் போய்விட்டது, மீதி வருடத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை, ஜூனில் மறுபடியும் அந்த பஸ். அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஜெயங்கொண்டத்துச் சின்ன மாமியார் திரும்பி வந்திருந்தார். கூடவே பக்கத்து வீட்டு அக்கா. இருவர் கையிலும் பை இல்லை. எங்கள் பக்கம் துக்கத்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவார்கள், போனதும் பேச மாட்டார்கள். இவர்களும் வந்து கட்டிலில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சின்ன மாமியார் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. வயிறு தெரியவில்லை அல்லவா? அப்படியென்றால் கலைந்துவிட்டது. ஊர் தன் கணக்கை முடித்துவிட்டது.

"போனா போவுதும்மா" என்றார் சின்ன மாமியார். "உன் உடம்பு தேறுனா போதும்."

"சபுரா, பொறுமையா இருங்க டீச்சர்" என்றார் அக்கா. "மனசுல வெச்சுக்காதீங்க. அழுதுடுங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிக்க வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. நான் அப்படி அழுது பார்த்ததில்லை. என்னென்னவோ நினைத்து எழுதிய பக்கங்கள், நடக்கவே நடக்காத அந்த அத்தியாயங்கள், நான் நினைத்ததைவிடச் சின்ன எழுத்துக்காரி என்ற பயம், எல்லாமாகச் சேர்ந்து வந்தது. அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவரும் அழுதார். பாவம், எனக்காக நிஜமாகவே அழுதார்.

அவர்கள் போன பிறகு மாமியார் உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எங்கிட்டகூட மறைச்சிட்டியே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தை! கெளப்பிவிட்டதே நீங்கதானே! உங்களுக்குத் தெரியாதா?"

"நான் ஊருக்காகச் சொன்னேன். நெசமாவே இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இல்லாததுக்கா ஒருத்தி இப்படி அழுவா?"

"நாவல் வரல அத்தை. எழுதுனது அத்தனையும் வீணாப் போச்சு. சத்தியமா அதுக்குத்தான் அழுதேன்."

அவர் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. "சரிம்மா. அப்படியே வெச்சுக்குவோம்" என்றார்.

அன்றிலிருந்து பத்தியச் சாப்பாடு. பூண்டுக் குழம்பும் சுடுசோறும் அறைக்கே வந்தன. மகளுக்குத் தலை பின்னுவது, டிபன் கட்டுவது எல்லாம் மாமியார் எடுத்துக்கொண்டார். வாசலில் யார் வந்தாலும் அங்கேயே பேசி அனுப்பினார். டிவி சத்தம் குறைந்தது. வீட்டுக்காரர்கூட உள்ளே வரும்போது கால் சத்தம் கேட்காமல் வந்தார். இதைத்தானே நான் ஜூன் மாதத்திலிருந்து தொண்டை வறளக் கேட்டுக்கொண்டிருந்தேன்? புத்தகம் எழுதுகிறேன், கதவைச் சாத்திவிடுங்கள் என்று கேட்டேன், ஒருத்தர் காதிலும் விழவில்லை. பிறக்காத, இல்லவே இல்லாத ஒரு பிள்ளை செத்தது, வீடே கதவைச் சாத்திவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கதவை உடைத்திருக்க வேண்டும்.

உடைக்கவில்லை. கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று மாமியார் மடிக்கணினியைப் பீரோ மேல் வைத்திருந்தார். நாற்காலி போட்டு அதை எடுத்தேன். பழைய நாவலைத் திறக்காமல் புதிதாக ஒன்றைத் தொடங்கினேன். இந்தத் தடவை நிலத்தைக் கொடுத்தவர் பேசவில்லை. அவர் மனைவி பேசினாள். பத்திரத்தில் யாரும் கைநாட்டு கேட்காத அவளுக்குச் சொல்ல அவ்வளவு இருந்தது. மத்தியானம் முழுக்க எழுதினேன். வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது, ஆனால் எழுத்து ஓடியது.

கதவுக்கு வெளியே மாமியார் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "தூங்குறா. இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்ப மனசு வரல." அவர் குரல் கம்மியிருந்தது. நான் தட்டுவதை நிறுத்தினேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் போகிறவரை மூச்சை அடக்கிக் காத்திருந்துவிட்டு, விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன்.